காரில் படிந்த மலைநாட்டுப் புழுதி: அறிகுறி பார்த்து, கீறல் விழாமல் நீக்கும் முறை

இலங்கை மலைநாட்டின் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு விடிந்ததும் ஒரு வேலை உண்டு. இரவுப் பனியில் நனைந்து நிற்கும் காரைப் பழைய சாரத்தில் கிழித்த துண்டால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுத்தான் தேநீரைக் கையில் எடுப்பார்கள். என் தந்தை தமது வேனை அப்படித்தான் பார்த்துக்கொண்டார். நானும் அவரைப் பார்த்தே பழகினேன். வேன் வெள்ளை நிறம் என்பதால் அதன் மேல் என்ன நடக்கிறது என்பது கண்ணில் படவில்லை. பிறகு கருநீலக் கார் ஒன்றை வாங்கினேன். ஆறு மாதம் கழித்து, ஜனவரி மாதத்து உச்சிவெயிலில் பொனெட்டைப் பார்த்தபோது நெஞ்சு பதைத்தது. வெயில் பட்டுத் தெறித்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதைப் போல ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள். கார் எங்கும் உரசவில்லை, யார் மீதும் மோதவில்லை. அத்தனை கோடுகளையும் தினமும் அக்கறையோடு போட்டது என் கைதான்.

அதிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் நம்மில் பலர் பத்து, பதினைந்து வயதுக் கார்களையே பொன்போல் காப்பாற்றி வந்தோம். இன்னும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அந்தக் கார்களின் பெயின்ட்டுக்கு, புழுதியைத் துணியால் துடைக்கும் இந்தப் பழக்கத்தைவிடப் பெரிய எதிரி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலம் இருக்கிறது. அதன் கனம் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனத்தில் அது பாதிதான். நம் பாதைகளின் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஒக்சைட்டு. அதிலுள்ள களி மென்மையானது, அது கீறாது. கீறுவது, களியோடு கலந்து வரும் குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக்கல் துகள். மலையகத்தின் பழம்பாறைகள் சிதைந்து மண்ணாகும்போது மற்றவை கரைந்து போக, குவார்ட்ஸ் மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. சாதாரண கண்ணாடிக்கே 5.5 அளவுதான். கண்ணாடியைக் கீறும் கல்லைத் துணியில் வைத்து பெயின்ட்டின் மேல் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே எந்த அறிகுறியானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: துணி படும் முன்பே அந்தத் துகள் பெயின்ட்டை விட்டு எழும்பிவிட்டதா?

உலர்ந்த மெல்லிய தூசி. விரலால் பெயர் எழுதலாம்போல் இருக்கிறது

எழுதாதீர்கள். பிள்ளைகளையும் எழுதவிடாதீர்கள். அந்த எழுத்து, தூசியைக் கழுவிய பிறகும் வெயிலில் வாசிக்கக்கூடியதாக நின்றுவிடும்.

இது ஒட்டாத தூசி, காற்றுக்கே போய்விடும். சிறிய ஊதி இயந்திரம் இருந்தால் கூரையிலிருந்து கீழ்நோக்கி ஊதுங்கள். டயர் கடையின் காற்றுக் குழாயும் போதும். முனையை பெயின்ட்டிலிருந்து ஓரடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். காற்றுக்கு வழியில்லையென்றால் தண்ணீர். இரண்டும் இல்லையென்றால் தூசியோடேயே ஓட்டுங்கள். தூசியுள்ள கார் அழுக்காகத் தெரியும், அவ்வளவுதான், கெட்டுப்போகாது.

இறகுத் துடைப்பமும் மெழுகு தோய்த்த நூல் துடைப்பமும் சரியா என்று பலர் கேட்கிறார்கள். மூடிய கராஜில் நிற்கும் காரின் மேல் ஒரே இரவில் விழுந்த தூசிக்கு, அழுத்தாமல், துடைப்பத்தின் எடை மட்டும் படும்படி தடவினால் பெரிய தீங்கு இல்லை. தோட்டத்துக் கிரவல் பாதையில் வந்த காருக்கு அவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம். நூலிழைகளுக்குள் சேரும் மணல் அடுத்த நாளுக்கும் அங்கேயே காத்திருக்கும்.

காலையில் கார் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சேறு காய்ந்த தடம்

சமவெளியில் இருப்பவர்களுக்கு இவ்வளவு அடிக்கடி வராத தொல்லை இது. பகலில் படிந்த தூசி மேல் இரவில் மூடுபனி இறங்குகிறது. பனித்துளி தூசியை நனைத்துத் தன் விளிம்புக்கு இழுத்துச் செல்கிறது. வெயில் ஏறியதும் நீர் ஆவியாகிப்போக, ஒவ்வொரு துளியும் இருந்த இடத்தில் ஒரு சேற்று வளையம் மிஞ்சுகிறது. நேற்று ஊதினால் பறந்திருக்கும் தூசி இன்று களியால் ஒட்டப்பட்டுவிட்டது. இனி காற்று உதவாது.

நம்மவர்கள் துணியை எடுப்பதும் இந்த நேரத்தில்தான். கார் ஏற்கெனவே ஈரமாக இருக்கிறது, ஈரத்துணி கீறாது என்று நம்புகிறோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பனியின் ஈரம் தூசியைக் குழைக்கும் அளவுக்கே இருக்கிறது, மிதக்கவைக்கும் அளவுக்கு இல்லை. குழைந்த சேற்றைத் துணியால் இழுப்பது தேய்க்கும் பசையைப் பூசி இழுப்பதற்குச் சமம். முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் தெரிந்தால்தான் ஓட்ட முடியும். ஆகவே அவற்றுக்கு மட்டும் ஒரு போத்தல் தண்ணீரை மேலிருந்து ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். மற்றதை அன்று மாலை, கீழே சொல்லும் முறையில் கழுவலாம்.

மாலையில் நிறுத்தும்போதே தூசியை ஊதி விட்டால் காலையில் இந்தத் தடமே இருக்காது. மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, லிந்துலைப் பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை பகலில் புழுதியும் இரவில் கடும்பனியுமாக இருக்கும். அந்த மூன்று மாதமும் இந்தப் பழக்கம் மிகவும் பயன்படும்.

கதவின் கீழ்ப்பாதியிலும் பின்பம்பரிலும் செம்மண் ஓடுபோலக் காய்ந்திருக்கிறது

இதில் நிதானம் வேண்டும். மழைச்சேறு தெறித்து, அதன் மேல் புழுதி படிந்து, மறுபடி சேறு தெறித்து, அடுக்கடுக்காகக் காய்ந்த ஓடு இது. உள்ளே மணல் மட்டுமல்ல, பொடிக்கல்லும் இருக்கும். நகத்தால் சுரண்டுவது, தேங்காய்த் தும்பால் தேய்ப்பது, கடினமான பிரஷ் போடுவது எதுவும் வேண்டாம்.

முதலில் ஊறவைக்க வேண்டும். வாளியால் ஒருமுறை வீசி ஊற்றினால் தண்ணீர் வழிந்தோடிவிடும், ஓடு ஊறாது. மரக்கறித் தோட்டங்களில் பயன்படுத்தும் இரண்டு லீற்றர் கைப்பம்பு தெளிப்பான் இதற்கு மிக ஏற்றது. ஆனால் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். களைநாசினியோ பூச்சிமருந்தோ அடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். உங்கள் கைக்கும் மூச்சுக்கும் ஆகாது. தெளிப்பானில் தண்ணீரும் சிறிது கார் ஷாம்புவும் கலந்து, ஓடு முழுக்க நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் விடுங்கள். மீண்டும் தெளித்து, மீண்டும் ஐந்து நிமிடம். நம் குளிர்ந்த காற்று இங்கே உதவிக்கு வருகிறது: நிழலில் நிறுத்தினால் ஷாம்பு சட்டென்று காய்ந்துபோகாது. வெயிலில் சூடேறிய பொனெட்டில் இதைச் செய்யக்கூடாது. கைவைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் ஆறும்வரை பொறுங்கள்.

பிறகு தண்ணீர். குழாயின் முனையில் எதையும் மாட்டாமல், தண்ணீர் தகடுபோல் படர்ந்து வழியும்படி மேலிருந்து கீழே விடுங்கள். மண் தானாகக் கரைந்து சிவப்பாக ஓடுவதைக் காணலாம். ஓடும் தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும். அதற்குமுன் துணிக்கு அங்கே வேலையில்லை. பிரஷர் வொஷர் இருந்தால் இன்னும் நல்லது. விசிறிபோல் விரியும் முனையைப் போட்டு 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். கல்தெறித்து பெயின்ட் பெயர்ந்த இடங்களுக்கு நேராக அடித்தால் விளிம்பு இன்னும் உரிந்துவிடும். சக்கர வளைவுகளுக்குள்ளும் அடித்துவிடுங்கள். அங்கே தங்கிய சேறுதான் அடுத்த மழையில் கதவுக்கு வரும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பீலியில், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாய்வழி விழும் தண்ணீரில், கழுவுகிறவர்கள் நம்மில் நிறையப்பேர். நம் மலை ஊற்றுகளின் நீர் மென்மையானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரைப்போல வெள்ளைத் தழும்பு விடாது. அது நமக்குக் கிடைத்த வரம். ஆனால் மழை பெய்த மறுநாள் அதே பீலியில் மணலும் சேர்ந்து வரும். அன்றைய தண்ணீரை வாளியில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்து, மேல்நீரை மட்டும் மொண்டு எடுங்கள். அடியில் தங்குவதைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்பது புரியும். இன்னொன்று: பாதையோர ஓடைக்குள்ளேயே காரை இறக்கிக் கழுவுவதை நிறுத்துவோம். மகாவலிக்கும் களனிக்கும் போகும் தண்ணீர் இந்த ஓடைகளில்தான் தொடங்குகிறது. அதற்கு வெகுமுன்பே, கீழே உள்ள தோட்ட லயத்து வீடுகளின் பீலியில் யாரோ அதைக் குடத்தில் பிடிக்கிறார்கள். தண்ணீரை வாளியில் எடுத்துவந்து, கழுவிய நீர் மண்ணில் ஊறும் இடத்தில் வைத்துக் கழுவலாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கை. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். நீண்ட இழைகளுள்ள மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைத் தடவியதும், முதலில் வெறும் நீரில் அலசிப் பிழிந்துவிட்டு, அதன்பின்னரே ஷாம்பு வாளிக்குத் திரும்ப வேண்டும். கூரை, பொனெட், கதவின் மேற்பாதி என்று இறங்கி வந்து, கதவின் அடியையும் பம்பரையும் கடைசியாக, வேறு துணியால் கழுவுங்கள். வட்டமாகத் தேய்க்காமல், கார் நிற்கும் நீளவாக்கில் நேராக, கையின் எடைகூட முழுதாகப் படாமல் இழுங்கள். கையுறை தரையில் விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடராதீர்கள். அன்றைக்கு அது பெயின்ட்டுக்கு உதவாது, சில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாரத்துத் துண்டு ஏன் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அது தட்டையான நெசவு. துகள் உள்ளே புகுந்து ஒளிய இடமில்லாமல் துணிக்கும் பெயின்ட்டுக்கும் இடையிலேயே உருளுகிறது. மைக்ரோஃபைபரின் எழும்பிய இழைகள் துகளை மேற்பரப்பிலிருந்து விலக்கி உள்ளே வாங்கிக்கொள்கின்றன. சலவைத்தூளும் வேண்டாம், கரையாத மணிகள் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் எப்போதாவது ஒருமுறை என்றால் பரவாயில்லை, ஆனால் பூசிய மெழுகையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

துடைக்கும்போது பெரிய மைக்ரோஃபைபர் துவாயை ஈரத்தின் மேல் விரித்து, ஒற்றி எடுங்கள்.

கழுவித் துடைத்த பிறகும் தடவினால் சொரசொரக்கிறது

மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டு, கழுவிய பொனெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் பை வழியாகத் தெரியும். தெரிந்தால், பெயின்ட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது. சிவனொளிபாதமலைப் பருவத்தில், மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை, ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போகும் பாதையில் பஸ்களின் பின்னால் ஊர்ந்து வந்த காரில் டீசல் கரி எண்ணெய்ப்பசையோடு படிந்திருக்கும். கிரவில்லியா பூக்கும் காலத்தில் அந்த மரத்தடியில் நிறுத்தினால் தேன் சொட்டிப் புழுதியைப் பிடித்து வைத்திருக்கும். தேனுக்கும் பிசினுக்கும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் இளகிவிடும், தேய்க்கத் தேவையில்லை.

மிஞ்சியதற்குக் கார்களுக்கென்றே விற்கும் கிளே கட்டி, அதாவது ஒட்டியதைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி. ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்து வழுக்கும்படி வைத்துக்கொண்டு, கட்டியை நேராக, அழுத்தாமல் நகர்த்த வேண்டும். அடிக்கடி மடித்துப் புதுமுகம் காட்டுங்கள். கட்டி மண்ணில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். கிளேயும் சிறிதளவு கீறத்தான் செய்யும்.

வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது

எதன் தூள் என்று முதலில் பாருங்கள். தேயிலை மலையில் டொலமைட் என்னும் சுண்ணக்கல் போன்ற தூளைப் போட்ட நாளாக இருந்தால் பயமில்லை. அது குவார்ட்ஸைவிட மிக மென்மையானது, இறுகாது, தண்ணீர்விட்டால் போய்விடும். அருகில் கட்டட வேலை நடந்து சீமெந்து படிந்திருந்தால், தண்ணீர் தெளித்து ஊறவைக்கும் முறையை இங்கே மட்டும் செய்யாதீர்கள். பனி இறங்குவதற்குள் உலர்ந்த நிலையில் ஊதி எடுத்துவிட்டு, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அடித்துக் கழுவ வேண்டும். இரவு தாண்டினால் அது கல்லாகிவிடும்.

சில்லில் கறுப்புத்தூள், சிறிது காலத்தில் செம்பழுப்புப் புள்ளிகள்

இது பாதைத் தூசி அல்ல. பிரேக் தேய்ந்து வந்த இரும்புத்தூள். நுவரெலியா இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். அங்கிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்து சேரும்போது 1,300 மீற்றருக்கும் மேல் இறங்கியிருப்போம். அவ்வளவையும் பிரேக்கிலேயே இறங்கினால் தூள் கொட்டாமல் என்ன செய்யும்? தாழ்ந்த கியரில் இறங்குங்கள். இறக்கத்தில் எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘B’ நிலையுள்ள ஹைபிரிட் காரில் அதைப் பயன்படுத்துங்கள். சில்லு சுத்தமாக இருப்பதைவிடப் பெரிய பயன், பிரேக் சூடேறாமல் இருப்பது.

இறங்கி வந்த சூட்டோடு சில்லில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமிலம் கலந்த திரவமும் வேண்டாம். ஆறிய பிறகு, சில்லுக்கென்று தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி எக்காலத்திலும் கதவுப் பக்கம் வரக்கூடாது.

வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கோடுகள்

என் பொனெட்டில் நான் கண்டது இதுதான். உண்மையில் அந்தக் கோடுகள் வட்டமல்ல. எல்லாத் திசையிலும் விழுந்த நுண்கீறல்களில் ஒளி படும் கோணத்துக்கு ஏற்றவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. விரல்நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்காவிட்டால் கீறல் கிளியர் கோட்டின் மேல்மட்டத்தில்தான் இருக்கிறது. மென்மையான பொலிஷ் அதைக் குறைக்கும். நகம் தடுக்கினால் பொலிஷ் போட்டு முழுதாக எடுக்க முயலாதீர்கள், படலமே போய்விடும்.

கோடுகள் எப்படி விழுந்தன என்பதை அவற்றின் திசை காட்டிக்கொடுக்கும். எல்லாத் திசையிலும் இருந்தால் தினசரித் துடைப்பு. ஒரே திசையில் இணைகோடுகளாக இருந்தால் துடைப்பமோ கடின பிரஷோ. பணம் கொடுத்துக் கழுவிய ஓரிடத்திலிருந்து வந்த மறுநாள் என் பின்கதவில் அரைவட்டமாக ஆழமான கோடுகள் இருந்தன. எனக்கு முன் வந்த லொறியைக் கழுவிய ஸ்பொஞ்சையே என் காருக்கும் எடுத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சொல்ல வாய் வரவில்லை. இப்போது என் வாளியையும் கையுறையையும் கொண்டுபோய், “தம்பி, தண்ணீர் மட்டும் அடியுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பொலிஷ் போடுமுன் ஒரு சோதனை. மறைவான மூலையில் வெள்ளைத் துணியால் சிறிது பொலிஷைத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் அதில் கிளியர் கோட் இல்லை. பழைய கார்களில் இப்படி இருக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் நிறமே குறையும் என்பதால் அங்கே மெழுகோடு நிறுத்துவதே நல்லது.

கவர் போட்டு மூடிய காரில்தான் கீறல் அதிகம்

பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்கள் இதை அதிகம் சொல்கிறார்கள். மேற்குச் சரிவில் மழை கொட்டும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வறண்ட காற்று ஓயாமல் அடிக்கிறது. தூசியோடு நின்ற காரின் மேல் கவரைப் போட்டுவிட்டால், இரவெல்லாம் காற்று அந்தக் கவரை அசைத்து அசைத்துத் தேய்க்கிறது. காலையில் தரையில் இழுத்து மடித்து வைத்த கவரின் உட்பக்கம் மண் ஒட்டி, மறுநாள் இரவு அதுவும் சேர்ந்து தேய்க்கிறது. கழுவிய கார் என்றால் மட்டும் கவர் போடுங்கள். அடியில் கயிறு இறுக்கிக் கட்டுங்கள். உட்பக்கம் உள்ளே இருக்கும்படி மடியுங்கள். இது முடியாதவர்கள் தகரக் கூரை ஒன்றின் கீழ் கவரில்லாமல் விடுவது மேல்.

முன்கண்ணாடியில் வில்போல் வளைந்த கீறல்

உலர்ந்த புழுதியின் மேல் வைப்பரை ஓடவிட்டதன் தடம் இது. எதிரே வரும் லொறியின் விளக்கு அந்தக் கீறலில் சிதறி, இரவில் வளைவுப் பாதையே தெரியாமல் செய்துவிடும். கண்ணாடிக்குள் நகம் இறங்கும் ஆழமென்றால் பொலிஷ் வேண்டாம், கண்ணாடியையே மாற்ற வேண்டும். அதைத் தடுக்க, வைப்பரின் ரப்பர் விளிம்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் வழித்து எடுங்கள். புழுதிக் காலத்தில் வைப்பரைத் தொடுமுன் தண்ணீர் பீய்ச்சுங்கள், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் கண்ணாடி மேல் உறைபனி பிடித்திருந்தாலும் வைப்பரை ஓட்ட வேண்டாம், கொதிநீரும் ஊற்ற வேண்டாம். திடீர்ச் சூட்டில் கண்ணாடி வெடித்துவிடலாம். குழாய்த் தண்ணீரே உறைபனியைக் கரைக்கப் போதும். அதோடு உள்ளே ஹீற்றரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டுச் சில நிமிடம் பொறுத்தால் பாதை தெரிந்துவிடும்.